தெளிந்த தண்ணீர் போதாது



சொந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காகப் பட்டணத்தில் வந்து குடியேறிய குடும்பங்களில், பிள்ளைகள் ஒருநாள் நாய்க்குட்டி கேட்பார்கள். வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பூனை கேட்பார்கள், இரண்டாம் மாடி வாடகை வீட்டில் அதற்கும் வழியில்லை. முடிவில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒத்துப்போகிற இடம் மீன்தொட்டி. சனிக்கிழமை மாலை கடைக்குப் போய்த் தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, நாலைந்து மீன்கள் என எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அன்று இரவு வீடே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முதல் மீன் மிதக்கிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "தண்ணி சேரலைம்மா" என்று சொல்லி வேறு நான்கு மீன்களை விற்கிறார். இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். "தண்ணி சேரலை" என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் 2023 நவம்பரில் பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு வந்தோம். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற்றியபடியால், வகுப்பில் பேசுகிற ஆங்கிலமும் அவனுக்கு ஓடவில்லை, மைதானத்தில் பேசுகிற கன்னடமும் புரியவில்லை. ஜனவரியில் அவன் பிறந்தநாளுக்கு, எங்கள்மேல் பிரியமுள்ள ஒருவர் உருண்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கிண்ணத்தில் 4 லிட்டர் தண்ணீர் கொள்ளும். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல், அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்த மீன்களிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பான். ஆறாம் நாள் ஒன்றும், ஏழாம் நாள் மற்றொன்றும் இறந்துபோயின. அவன் அழவில்லை. "அம்மா, தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமாத்தானே இருந்துச்சு?" என்று மாத்திரம் கேட்டான். அதற்குப் பிறகு வீட்டிலும் அவன் பேச்சு குறைந்துவிட்டது.

மே மாதத்தில் மறுபடியும் மீன் வேண்டுமென்று அவனே கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஒரு மீனும் வீட்டுக்குள் வராது என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம். இன்னொரு முறை அவன் அப்படி மௌனமாவதைத் தாங்க எங்களுக்குப் பெலனில்லை.

பதில் இதுதான். மீனின் உடலில் உண்டாகும் கழிவில் பெரும்பகுதி செவுள்கள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னப்படாமல் அடியில் கிடக்கிற தீனி அழுகினாலும் அம்மோனியாவே உண்டாகும். அதற்கு நிறமில்லை, மீனுக்குத் தீங்கு செய்கிற அளவில் அதன் வாடை நம் மூக்குக்கு எட்டுவதுமில்லை. ஆகவே தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். அதற்குள் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கும். என் மகன் சொன்னது சரியே. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவு வேறு, சுத்தம் வேறு.

என் மாமனார் இதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம கிணத்துல அஞ்சாறு கெண்டைய விட்டோம். யாரு தண்ணி மாத்துனா? வருசக்கணக்கா கெடக்கலையா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி விட்டமும் பத்தடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 22,000 லிட்டர் இருக்கும். பிறந்தநாள் கிண்ணத்தில் இருந்ததோ 4 லிட்டர். கிணற்றின் கல்லிடுக்கிலும் பாசியிலும் அடிச்சேற்றிலும் கழிவைத் தின்று தீர்க்கிற கோடானுகோடி நுண்ணுயிர்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. கழுவித் துடைத்த புதுக் கண்ணாடியில் ஒன்றுமில்லை. போதாததற்குத் தங்கமீன் மிகுதியாய்த் தின்று மிகுதியாய்க் கழிக்கிற மீன். நன்றாக வளர்ந்தால் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வரும். அதைக் கிண்ணத்தில் விடுவது எந்த ஊர் வழக்கமோ, எனக்கு விளங்கவில்லை.

அந்த நுண்ணுயிர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் தொட்டியை நடத்துகிறவர்கள் அவர்களே. நாம் அவர்களுக்கு எடுபிடி மாத்திரமே. ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான்: அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தம் பழுப்பு நிறமாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் பெருமளவில் சேர்ந்தாலொழியத் தீங்கு செய்யாது. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும், செடிகளுக்கோ அது உரம். இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் எல்லாரும் எழுதிவந்தார்கள். வீட்டுத் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை என்று 1998-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நைட்ரோஸ்பைராவிலேயே சில, இரண்டு வேலைகளையும் தனியாகவே செய்து முடிக்கின்றன என்பது 2015-ல் தெரியவந்தது.

இவை மிதந்து திரிகிறவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், கூழாங்கல்லின் மேலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மெதுவாகவே பெருகுகின்றன. பால் தயிராக ஓர் இரவு போதும். இவை ஒரு தொட்டிக்குப் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் தாமதமாகும். சென்னையின் 29 டிகிரித் தண்ணீரில் நடக்கிற வேகம், ஜூன் மாதப் பெங்களூரின் 23 டிகிரியில் நடக்காது. கடையில் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கினால் மீன்கள் ஏன் சாகின்றன என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த நான்கு வாரங்களை மீன்கள் தங்கள் உடம்பில் தாங்கவேண்டியிருக்கிறது.

அடுத்த கேள்வி, எந்தத் தண்ணீர்? பட்டணத்தில் வாழ்கிற உங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல என்று அறிவேன். எங்கள் குடியிருப்பின் கீழே உள்ள சம்ப்பில் மூன்று தண்ணீர் கலக்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காவேரி, குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறு, இரண்டும் போதாத நாட்களில் டேங்கர் லாரி. காவேரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருக்கிற இந்த நகரத்துக்கு மேட்டில் ஏற்றி அனுப்பப்படுகிறது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, நகரமே குடத்தோடு நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம், நகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காகத் தொடங்கப்பட்டது. இந்த மூன்று தண்ணீரும் நம் வாய்க்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கலாம். மீனுக்கு அப்படியல்ல.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. குடிதண்ணீரைக் குளோரின் போட்டுச் சுத்திகரிக்கும்போது, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது அதில் மிஞ்சியிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம்மைக் காலராவிலிருந்து காக்கிற அதே குளோரின், மீனின் செவுளையும் ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவையும் தாக்கும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஏர் பம்ப் போட்டு ஒருநாள் வைத்தால் அது பறந்துவிடும். அவசரமானால் மீன் கடைகளில் "ஆன்டி குளோரின்" என்று விற்கிற சொட்டு மருந்து போதும். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடியிருப்பில் சம்ப் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளின் தண்ணீரை நம்பி எந்தச் சொட்டு மருந்தும் போடாதீர்கள். வாடை சொல்லிவிடும். இரண்டு நாள் பொறுத்திருந்து பிடியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வேறொரு சூது உண்டு. நிலத்தடியில் கரிமிலவாயு கரைந்திருப்பதால், குழாயிலிருந்து பிடித்தவுடன் சோதித்தால் பி.எச். அளவு 7-ஐ ஒட்டிக் காட்டும். அதே தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்தால் வாயு வெளியேறி, பி.எச். 8-க்கு ஏறிவிடும். எங்கள் வீட்டில் அப்படியே ஆயிற்று. எண்ணில் ஒன்று ஏறினால் என்ன என்று கேட்பீர்கள். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அதில் ஒன்று கொடிய நஞ்சு, மற்றது அத்தனை தீங்கில்லாதது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் நஞ்சான வடிவம் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று அதிகம். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே அளவு அம்மோனியா, ஒரு தெருவில் மீனைச் சோர்வாக்கும். அடுத்த தெருவில் கொல்லும். "எங்க வீட்டிலே ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லுகிற அயலகத்தாரின் தொட்டியைப் பார்த்து நம் தொட்டியை நடத்தக்கூடாது என்பது இதன் நிமித்தமே.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றிவிடலாமே என்று என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தமானது ஏது? கேட்பதற்கு நியாயமாய்த் தோன்றும். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளோடு பைகார்பனேட்டையும் எடுத்துவிடுகிறது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்வது இந்தப் பைகார்பனேட்தான். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, சுண்ணாம்புக் கணக்கில் ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. அது தீர்ந்தால் பி.எச். சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கடினத் தண்ணீர் என்று நாம் குறைசொல்லுகிற அதே தண்ணீர் இங்கே கைகொடுக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்று அதிகக் கடினமாயிருந்தபடியால், காவேரி வருகிற நாளில் சம்ப்பில் சேருவதற்கு முன்பே நேரடிக் குழாயில் பிடித்துக் குளோரின் போக்கி வைத்து, அதையே பயன்படுத்துகிறோம்.

இனி, தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். சிறிய தொட்டி பராமரிக்க எளிது என்று நினைக்கிறவர்கள் அநேகர். உண்மை அதற்கு நேர்மாறானது. தண்ணீர் குறையக் குறைய, ஒரு சிட்டிகைத் தீனி கூடினாலும் எல்லாம் தலைகீழாகும். சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கிற சோதனைப் பெட்டிக்கு நாங்கள் கொடுத்த பணம் தொட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம். அந்தச் செலவுக்காக நான் வருந்தவில்லை. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை வேறு எப்படிக் கவனிப்பது?

2024 ஜூன் மாத முதல் வாரத்தில் தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட ஆரம்பித்தோம். அது அழுகி அம்மோனியா வந்தால்தானே பாக்டீரியா வரும்? வீட்டுக்கு வந்தவர்களெல்லாரும் தொட்டிக்குள் மீனைத் தேடினார்கள். "கல்லுக்குத் தீனி போடுறீங்களா?" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார். மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுத் தேதியும் அளவும் எழுதினான். நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழனிபோல் வெளுத்தது. மாமனார் அந்த நாட்களில் எங்களோடிருந்தார். "என்னம்மா, வாடை வருதே. ஒரு தடவ நல்லாத் தேச்சுக் கழுவி ஊத்திருவோமா?" என்று கேட்டார். வேண்டாம் மாமா, அது வேறு பாக்டீரியா, பெருகி அடங்கிவிடும் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை, ஆனாலும் பேரனின் நோட்டைப் பார்த்துப் பேசாமலிருந்தார். ஆறேழு நாட்களில் தானாகவே தெளிந்தது. புதுத் தொட்டி வைத்திருக்கிற அநேகர் இடறுவது இந்த இடத்தில்தான். வெளுத்ததைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, முதலாம் நாளுக்கே திரும்பிப் போகிறார்கள்.

பத்தாம் நாள் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். நைட்ரைட் பூஜ்யம். பதினான்காம் நாளும் அப்படியே. "பாக்டீரியாவுக்கு நம்ம வீடு பிடிக்கலையோ?" என்று மகன் கேட்டான். அந்த வாரம், சபையில் பல வருடங்களாக மீன் வளர்க்கிற ஒரு சகோதரர், தம்முடைய பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்கச் சாக்கடைத் தண்ணீர்போல் இருந்தது. அதை ஃபில்டருக்கு அருகில் ஊற்றினோம். தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். நோயில்லாத தொட்டியிலிருந்து வந்ததா என்று மாத்திரம் விசாரித்துக்கொள்ளவேண்டும். பதினாறாம் நாள் நைட்ரைட் சோதனைக் குழாய் முதல்முறையாக ஊதா நிறம் காட்டியது. இருபத்திரண்டாம் நாள் அம்மோனியா கால் மில்லிகிராமுக்கு இறங்கியது. நைட்ரைட்டோ பெட்டியிலுள்ள அட்டையின் உச்ச நிறத்துக்குப் போய், பத்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்றது. முப்பத்தெட்டாம் நாள் காலை இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 40. அவன் நோட்டில் அந்த இரண்டு பூஜ்யங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறான். பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டுச் சிவாஜிநகருக்குப் புறப்பட்டோம்.

வாங்கியது ஆறு ஜீப்ரா மீன்கள். கோடுபோட்ட அந்தச் சிறு மீன் கங்கைச் சமவெளிப் பக்கத்து ஓடைகளுக்குச் சொந்தமானது. குளிரைத் தாங்கும், ஹீட்டர் இல்லாமலே பெங்களூரின் டிசம்பரைக் கடக்கும். ஒரே நாளில் இருபது மீன் வாங்காதீர்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை அதற்குக் கிடைக்கிற ஆகாரத்துக்குத் தக்கதாகவே நிற்கும். திடீரென்று கழிவு பெருகினால் அது ஈடுகொடுக்காது. இன்னொன்று, கடைக்காரர்கள் சேர்த்துக் கொடுக்கிற நீல மருந்து. நோய்க்கு அது மருந்துதான். ஆனால் தொட்டியில் ஊற்றினால் நாம் ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியாவையும் கெடுக்கும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைக்காரர் தமிழர். தம்மிடமுள்ள மீன்களில் பாதி சென்னைக் கொளத்தூரில் வளர்ந்து, பிராணவாயு நிரப்பிய பாலித்தீன் பைகளில் இரவோடு இரவாகப் பயணம்பண்ணி வந்தவை என்றார். ஆக, அவையும் நம்மைப்போல் பிழைக்க வந்தவைதாம். அந்தப் பைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மீன் விடுகிற கரிமிலவாயு பையில் அடைபட்டு பி.எச். இறங்குகிறது; சேர்ந்துபோன அம்மோனியா அதனால் தீங்கில்லாத வடிவத்திலேயே இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அதே அம்மோனியா நஞ்சாகிறது. நெடும்பயணம் செய்துவந்த பையை மணிக்கணக்காகத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது ஆபத்து என்பது இதனால்தான். கட்டிய பையை அப்படியே தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், திறந்து, தாமதியாமல் மீனை மாத்திரம் வலையால் எடுத்து விடவேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

பிறகு வழக்கமான வேலைகளே. நாளுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம்; வெளியே எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது, அந்தச் செடி எங்கள் மாடியில் யாருக்கும் இல்லாத கொழுப்போடு நிற்கிறது. ஆவியாகிக் குறைந்ததற்கு மேலே ஊற்றி நிரப்புவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. ஆவியாவது தண்ணீர் மாத்திரமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

2025 ஏப்ரலில் ஒரு நாள் பகல் 3 மணிக்குத் தெருவின் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மின்சாரம் வர நள்ளிரவு ஆகிவிட்டது. வெயில் காலம், தொட்டித் தண்ணீர் 28 டிகிரி. வெப்பம் ஏறினால் தண்ணீரில் கரைகிற பிராணவாயு குறையும். இந்த நகரத்தின் உயரத்தினிமித்தம் கடலோர ஊர்களைவிட அது பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே குறைவு. ஆறு மணிக்கெல்லாம் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. மகன் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, டம்ளரில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தான். நூறு எண்ணுவான், கை வலித்தால் நிறுத்துவான், மறுபடி எண்ணுவான். பிறகு என் கணவர், பிறகு நான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று பேரும் முறைபோட்டு ஊற்றினோம். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. அன்று தீனி போடவில்லை. மின்சாரம் வந்ததும் ஃபில்டரை உடனே ஓடவிடாமல், ஒன்பது மணி நேரம் ஓட்டமில்லாமல் கிடந்த ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே இயக்கினோம். காற்றில்லாமல் அதற்குள் செத்ததெல்லாம் ஒரேயடியாகத் தொட்டிக்குள் வந்துவிடக்கூடாதல்லவா?

காலையில் அம்மோனியா அரை மில்லிகிராம் காட்டியது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். மறுநாளும் மாற்றினோம். நைட்ரைட்டும் லேசாகத் தலைகாட்டியதால், லிட்டருக்குக் கால் கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினோம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். ஐந்தாம் நாள் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கின. ஆறில் ஒன்று இறந்தது; வயிறு உப்பி ஒரு வாரமாகவே சோர்ந்திருந்த மீன் அது. மகன் நோட்டில் அதன் தேதியையும், அன்றைய அளவுகளையும் எழுதிவைத்தான். "தண்ணி காரணம் இல்லைம்மா" என்றான்.

போன மாதம் கீழ்வீட்டில் ஒரு கன்னடக் குடும்பம் குடிவந்தது. அவர்களுடைய பையனும் என் மகனின் வயதுதான். அவன் பிறந்தநாளுக்கும் யாரோ உருண்டைக் கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். என் மகன் மாடிப்படியில் நின்று, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அரைமணி நேரம் அவனுக்கு அம்மோனியாவை விளக்கினான். இப்போது அவர்கள் வீட்டில் இரண்டடித் தொட்டி இருக்கிறது, எங்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீர் அதில் ஊற்றப்பட்டிருக்கிறது. இன்று பதினொன்றாம் நாள். அம்மோனியா 1, நைட்ரைட் அரை. கிண்ணத்திலிருந்த தங்கமீன் எங்கள் வீட்டுப் பெரிய வாளியில் ஏர் பம்ப்போடு இருக்கிறது. நாள்தோறும் பாதித் தண்ணீர் மாற்றுகிறோம். அந்தப் பையன் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.